குருத்தைத் தொடுமுன்

கார்த்திகைக் குளிரில் விறைத்த விரலால் போட்ட முடிச்சு, சித்திரை வெயிலில் அவிழ்க்க வந்தால் யாரோ வேண்டாதவர்கள் போட்டது மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறது. யார் போட்டது என்று கேட்டால் கமலாசனி தன்னைத்தான் கைகாட்ட வேண்டும். சணல் கயிறு மழையில் ஊறி, காய்ந்து, திரும்ப ஊறி, இப்போது நகம்கூட உள்ளே போகவில்லை. கத்தரிக்கோல் கொட்டிலுக்குள் இருந்தது. ஆனால் வருசப் பிறப்பன்று முதல் வேலையாக எதையாவது வெட்டுவதா என்று ஒரு எண்ணம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டதால் விரலாலேயே நெம்பிக்கொண்டிருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவசரம் இல்லாதவள் விடியவே எழும்பி, தமிழ்க் கடையில் போத்தலில் விற்ற மருத்துநீரைத் தலையில் தடவி முழுகி, பஞ்சாங்கம் சொன்ன நீலத்துக்கு ஒரு சட்டையைத் தேடி உடுத்து, பொங்கிப் படைத்து, புருசனை அரைச் சாப்பாட்டில் எழுப்பி வீட்டில் இருந்து தள்ளி இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு இழுத்து வருவாளா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இரத்தினசிங்கம் கேட்க மாட்டார். அவர் மடக்குக் கதிரையைக் கொட்டில் வாசலில் விரித்து, வெயில் விழுகிற பக்கம் முகத்தை வைத்து, கைப்பேசியில் வானொலியைப் போட்டுவிட்டார். இந்த நாட்டில் வெயில் கிடைத்தால் அது போகுமுன் போய் அதற்குள் இருந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜேர்மனிக்கு வந்த முப்பத்துச் சொச்ச வருசத்தில் மனுசன் உறுதியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான் என்று கமலாசனி ஆட்களிடம் சொல்வதுண்டு. அவரும் மறுக்கிறதில்லை.

முன்னால் நிற்பது ஒரு பனை. சொன்னால்தான் தெரியும். அவளைவிட ஒரு முழம் உயரத்தில், உச்சியில் கவிழ்த்த பிளாஸ்ரிக் சட்டி, அதற்குக் கீழே நாணல் தட்டி, தட்டிக்கு உள்ளே வெள்ளைக் குளிர்த்துணி இரண்டு சுற்று, அதற்கும் உள்ளே வைக்கோல், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓலைகளைக் கொண்டை மாதிரிக் கூட்டிக் கட்டிய மரம். பனிக்காலத்து இருட்டு விடியலில் வேலி ஓரத்தால் போன ஒரு மனுசன், யாரோ தடித்த உடுப்போடு நிற்கிறார் என்று நினைத்து இதற்கு மரியாதையாகக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது யாழ்ப்பாணத்துப் பனை இல்லை. சீனத்து மலைப்பக்கம் பனிக்குள் வளர்கிற வேறு சாதி, அடிமரம் முழுக்கப் பழுப்புக் கம்பளி சுற்றினது மாதிரி நார். நுங்கும் இல்லை, கள்ளும் இல்லை, கிழங்கும் இல்லை. ஆனால் இந்தத் தோட்டத்துக்கு வந்த தமிழ்ச் சனம் ஒருவர் மிச்சமில்லாமல் “நுங்கு காய்க்குமோ?” என்று கேட்டுவிட்டது. கேட்டு, தொட்டு, படம் எடுத்து, பிறகு ஊர் ஞாபகம் வந்து கண்ணைத் துடைக்கும். கமலாசனிக்கு அந்த இடத்தில் பத்திக்கொண்டு வரும். அவள் பிறந்து வளர்ந்தது பட்டணத்துக்குள், பாத்திரக் கடை ஒன்றின் மேல்மாடியில். பனைகளை அவள் பார்த்தது பஸ் யன்னலால்தான், அதுவும் இருக்க இடம் கிடைத்தால். எனக்கும் பனைக்கும் ஊரில் ஒரு கொண்டாட்டமும் இல்லை, இது என்ர ஐஸ்கிறீம் கடைப் பனை என்று ஒருநாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருப்பாள். பிறகு அழுகிற ஆளிடம் என்னத்தைச் சொல்வது என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாள்.

முடிச்சு ஒன்று இளகியது. அந்தச் சந்தோசத்தில் ரெனாத்தோ ஞாபகம் வந்தான். பெரிய வீதியில் இத்தாலிக்காரரின் ஐஸ்கிறீம் கடை, அதில் அவள் எத்தனையோ கோடை கோப்பை கழுவியிருக்கிறாள். மாரி வந்தால் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பமாக இத்தாலிக்குப் போவார்கள், வசந்தத்தில் வந்து திறப்பார்கள், வாசலில் சாடியோடு இந்தப் பனையையும் தள்ளிக்கொண்டு வந்து வைப்பார்கள். ஒரு வருசம், இனித் திறக்கப் போவதில்லை, ஊரோடு போகப் போகிறோம் என்றான். பெட்டிகளை எல்லாம் ஏற்றின பிறகு பனை மட்டும் வாசலில் நின்றது. நீ எடு கமலா, நிலத்தில் வை என்றான். குளிருக்குச் சாகாது, தலைக்குள்ளே தண்ணி தங்கினால்தான் சாகும், குளிருக்குக் கட்டினாலும் சூடு தெரிந்தவுடனே அவிழ்த்து விடு, காற்றுப் பட வேண்டும் என்றான். இதைச் சொல்லும்போது அவன் பனையின் நாரைத் தடவிக்கொண்டு நின்றான், பிறகு மனுசி கூப்பிட, போய் வண்டியில் ஏறினான். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தான். எப்படி இருக்கிறாய் என்றதற்கு நல்லாய் இருக்கிறேன், நல்லாய் இருக்கிறேன், நல்லாய் இருக்கிறேன் என்றான். நல்லாய் இருக்கிறவன் ஒருமுறைதானே சொல்லுவான். ஊரில் அவனைத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் இல்லை, மீதிப்பேருக்கு அவன் ஜேர்மன்காரனாம். அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் போய் இருந்துகொண்டு இன்னும் எழும்பவில்லை. லண்டன் என்று யாராவது சொன்னால் அது அங்கே இருந்து இருமும்.

லண்டன் என்று சொல்கிறது அவளுடைய மகள்தான். நிரோஜினி கலியாணம் கட்டிப் போனது அங்கே. ஒரு பெடியன், ஆடி மாதம் அடுத்தது பிறக்க இருக்கிறது. மேல் அறை ஒன்றை வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போட்டு, சாமிப் படம் வைக்கத் தட்டும் அடித்து, அதை எல்லாம் கைப்பேசியில் காட்டினாள். யன்னலைத் திறந்தும் காட்டினாள். கோயில் நடக்கிற தூரம், தமிழ்க் கடை அதைவிடக் கிட்ட, வெளியில் இறங்கினால் எங்கட சனம். அப்பாவுக்கு இனி வேலையும் இல்லை, உங்களுக்கும் முடியப் போகுது, அந்த வீட்டையும் தோட்டத்தையும் விட்டிட்டு வாங்கோ. “அங்க உங்களுக்கு ஆரம்மா இருக்கினம்?” என்று கேட்டாள். அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, பிள்ளை பாசத்தில்தான் கேட்டது. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கமலாசனி அன்று இரவு முழுக்க வீட்டுக்குள் நடந்தாள். யார் இருக்கிறார்கள்? விடிகாலை பஸ்ஸில், அவள் ஓடி வருவதைக் கண்ணாடியில் கண்டால் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிற அந்தத் தாடிக்காரச் சாரதி இருக்கிறான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், கொதி கொதி என்று வருகிற படுக்கை விரிப்பின் இரண்டு நுனியை அவள் பிடிக்க, மற்ற இரண்டைப் பிடிக்கிற துருக்கிக்காரி இருக்கிறாள். பேசாமலே மடித்து முடிப்பார்கள், இரண்டுபேர் காலும் ஒரே நேரத்தில் முன்னால் வரும். பக்கத்துத் தோட்டத்து ஹெல்கா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து வீதி இருக்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல். இதை எல்லாம் போனில் ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. வீதி இருக்கிறது மகள் என்றால், அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிடுவாள்.

அந்தக் கதை நடந்தது கார்த்திகையில், இந்தப் பனையைக் கட்டின அன்று. வருசப் பிறப்புக்குச் சொல்லுறன் பிள்ளை என்று போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்து கடைசி முடிச்சைப் போடும்போதுதான் அவள் அந்த வேலையைச் செய்தாள். மரம் தப்பினால் இருக்கிறேன், செத்தால் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லி முடிச்சை இறுக்கினாள். கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிக் கடதாசியில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துக் காரியம் முடிவு செய்வார்களே, அதைத்தான் அவள் மரத்தை வைத்துச் செய்தது. இதை இரத்தினசிங்கத்துக்கும் சொல்லவில்லை. அவரிடம் கேட்டால், “நீ சொன்னால் சரி,” என்பார். மனுசன் வீடு வாங்கவும் அதைத்தான் சொன்னவர், மேசைவிரிப்பு வாங்கவும் அதைத்தான் சொன்னவர். முடிவு எல்லாம் அவள் தலையில், ஆகையால் அவள் கொண்டுபோய் மரத்தின் தலையில் வைத்தாள். மத்தியானம் நிரோஜினி எடுப்பாள். வாழ்த்துச் சொல்லுவாள், பெடியனைக் கொண்டு வாழ்த்துச் சொல்லுவிப்பாள், பிறகு என்னம்மா முடிவு என்பாள். அதற்குள் குருத்தைப் பார்த்துவிட வேண்டும்.

“இன்னும் அவிழேல்லையே?” இரத்தினசிங்கம் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

“அவிழுது, அவிழுது. நீங்கள் வெயில் காயுங்கோ.”

சட்டியை எடுத்து நிலத்தில் வைத்தாள். நாணல் தட்டியை ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்து ஒரு மணம் வந்தது, நனைந்த உடுப்பை வாளிக்குள் மறந்துபோய் விட்டால் வருமே, அது. அவள் மூக்கைத் திருப்பினாள். துணி மணமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள், துணிதானே முதலில் மணக்கும். குளிர்த்துணியின் முதல் சுற்றைத் தொட்டபோது அது காய்ந்திருந்தது. மனம் அப்படியே இலேசாகிவிட்டது. இரண்டாம் சுற்று நொதநொத என்றது, மனம் அப்படியே கீழே போனது. மாசியில் ஒரு கிழமை குளிர் குத்தின குத்தில் சமையலறைக் குழாய் உறைந்துபோக, ஒவ்வொரு இரவும் அவள் படுக்கையில் கிடந்து இந்த மரத்தை நினைத்தாள். நெஞ்சு வருத்தக்காரரான புருசன் பக்கத்தில் மூச்சு விடுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்பாள், கேட்டு முடித்ததும் மரத்துக்குப் போவாள், மரத்தில் இருந்து திரும்ப அவருக்கு வருவாள். ஒருநாள் இவருக்கு ஏதும் நடந்தால் அந்த வீட்டில் நான் தனியே, பனிக்குள் வழுக்கி விழுந்து கிடந்தால் சாரதிதான் தேட வேண்டும், சாரதிக்கு என் பேரும் தெரியாது. அப்போது லண்டன் மேல் அறை வெளிச்சமாகத் தெரியும். இரண்டு கட்டில், சாமித் தட்டு, கீழே பிள்ளைகளின் சத்தம். விடிந்து எழும்பித் தேத்தண்ணி வைத்து யன்னலால் வெளியே பார்த்ததும் அந்த அறை மங்கிவிடும். பகலில் ஏன் அது மங்குகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

குளிர் கொன்றிருக்காது. ரெனாத்தோ சொன்னானே. பங்குனி தொடங்கவே வெயில் வந்துவிட்டது, அதுதான் இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஹெல்கா பங்குனித் தொடக்கத்திலேயே தன் அத்திமரத்தின் கட்டுகளை எல்லாம் பிரித்து எறிந்துவிட்டு, வேலிக்கு மேலால் எட்டி, கமலா, உன் பனையை அவிழ், உள்ளே அவியப் போகிறது என்றாள். அவிழ்க்கிறேன், எங்கள் வருசப் பிறப்புக்கு அவிழ்க்கிறேன் என்றாள் இவள். ஹெல்காவுக்கு அது என்ன கணக்கு என்று விளங்கவில்லை. மரத்துக்கும் வருசப் பிறப்புக்கும் என்ன என்று கேட்டாள். மரத்துக்கு ஒன்றுமில்லைத்தான். ஆனால் பூக்கட்டிப் பார்க்கிற காரியத்தை நல்ல நாளில்தானே பார்க்க வேண்டும், பங்குனியில் கண்டபடி கண்ட கிழமையில் பிரித்துப் பார்த்தால் அது என்ன மறுமொழி? மற்ற வருசங்களில் இந்தப் பனையை அவள் ஒரு நாளும் பஞ்சாங்கம் பார்த்து அவிழ்த்ததில்லை. சூடு தெரிந்தவுடன் அவிழ்த்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தவள். இந்த வருசம்தான் அதை மரமாக விடாமல் சாமியாக்கி, சாமிக்கு நாள் பார்த்து, பங்குனி முழுக்க வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்க, உள்ளே நனைந்த துணியோடு நிற்க விட்டாள். கேள்வி கேட்டதாலேயே மரம் செத்தால் அந்த மறுமொழி யாருடையது என்று யோசித்தாள். யோசனை அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது, கயிறு காலில் சிக்கின ஆடு மாதிரி. துணியைப் பிழிந்தாள். பழுப்புத் தண்ணி சொட்டியது.

வைக்கோலைப் பிடிபிடியாக எடுத்து நிலத்தில் போட்டாள். வெளியே காய்ந்த வைக்கோல், உள்ளே கறுத்து ஒட்டின வைக்கோல். இதைத் தொட்டதும் ஏனோ அந்த முதல் மாரி வந்தது. அகதிமுகாம் என்று சொன்ன பழைய பள்ளிக்கூடம், நீள அறை, இருந்த உடுப்பில் ஒன்று மிச்சமில்லாமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் யாரோ தந்த ஆம்பிளைக் கோட், காதோடு சேர்த்துத் துவாய். கையை மடக்க முடியாமல் இரண்டு பக்கமும் விரித்தபடி வரிசையில் சாப்பாட்டுக்கு நின்ற இருபது சொச்ச வயதுக் கமலாசனியைப் பார்த்து இரத்தினசிங்கம் சிரித்தார். அதுதான் அவர் அவளைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு, கலியாணம் எல்லாம் பிறகுதான். அந்த மாரி முழுக்க அவள் அதை எல்லாம் கழற்றவே இல்லை. பங்குனியில் எல்லாரும் சட்டையோடு திரிய, இவள் மட்டும் கோட்டுக்குள் வியர்த்துப்போய் உடம்பு முழுக்கப் பொக்குளம். அங்கே இருந்த தாதி ஒவ்வொரு உடுப்பாக உரிந்து போட்டு, போதும், போதும், குளிர் போயிட்டுது என்று சைகையில் காட்டினாள். அந்த ஞாபகத்தில் ஒரு கவலையும் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நடந்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகினாள், இந்தத் தோட்டப் பாதையில்தான், ஹெல்கா சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வர. இப்போதும் இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு வந்தால் வயிற்றுக்குள் ஒரு குளிர் ஓடும், அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை, ஐம்பத்தெட்டு வயதில் சொல்லவும் கூடாது. லண்டனில் அந்த வீதிகளில் சைக்கிள் விட நிரோஜினி விடமாட்டாள். அம்மாவுக்கு என்ன விசரோ என்பாள். மருமகன் ஒன்றும் சொல்லமாட்டார், அது அதைவிடக் கரைச்சல்.

ஓலைகளைக் கட்டின கடைசிக் கயிறு. இது லேசாக வந்துவிட்டது. ஓலைகள் ஒரு நிமிசம் அசையாமல் சேர்ந்தே நின்றன, பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்து விரிந்தன. பச்சை. கசங்கி, மடிந்து, நுனி கருகி, ஆனாலும் பச்சை. இரத்தினசிங்கம் கதிரையை விட்டு எழும்பியே வந்துவிட்டார். வெயிலை விட்டுவிட்டு அவர் எழும்பினார் என்றால் அது சாதாரண விசயம் இல்லை.

“பச்சையாத்தானே நிக்குது,” என்றார்.

“ஓலை பச்சையா இருந்தாப்போல காணாது. குருத்தை இழுத்துப் பாக்கோணும்.”

“இழுத்தால்?”

“வராட்டில் நல்லம். கையோட வந்தால் உள்ளுக்க அழுகிப் போச்சு.”

அவர் குருத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்ப ஏன் இழுக்கிறாய்? இழுக்காமல் விடன்,” என்றார். சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனுசன் வாழ்க்கையை நடத்துகிற விதமே இதுதான். அவர் நெஞ்சுக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்கப் போகவும் இதையேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் அது நல்ல யோசனையாகவும் இருந்தது. நடுவில் நேரே நிற்கிறது குருத்து, மடித்த விசிறி மாதிரி, வெளிர்பச்சை. பார்த்தால் ஒரு குறையும் இல்லை. இழுக்காமல் விட்டால் இது இருக்கிறது. போனில் நிரோஜினி கேட்டால் மரம் தப்பிவிட்டது, ஆகையால் நான் இருக்கிறேன் என்று... அதைப் பிள்ளைக்குச் சொல்லப் போவதில்லை, தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவளுடைய சின்னமாமி இப்படித்தான், பிள்ளையார் கோயிலில் சிவப்புப் பூ வந்தால் ஐயர் குலுக்கினது சரியில்லை என்று திரும்பப் போடுவிப்பா. திரும்பச் சிவப்பு வந்தால் இன்றைக்கு நாள் சரியில்லை என்பா. வெள்ளை வருமட்டும் கோயிலை விட்டு அசைய மாட்டா. அப்போது கமலாசனி நினைத்தாள், வெள்ளை வேண்டும் என்று தெரிந்தால் பிறகு ஏன் இந்த மனுசி பூப் போட்டுப் பார்க்கிறா என்று. அதை நினைத்த இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். கை குருத்துக்குக் கிட்டப் போய் அந்தரத்தில் நின்றது. வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வராமல் இருக்க வேண்டும், வராமல் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேனே, அது மரத்துக்காகவா, வேறு எதற்காகவா என்ற எண்ணம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு குருவி விடாமல் கத்தியது.

இரண்டு விரலால் பிடித்தாள். மெல்ல, மெல்லத்தான் இழுத்தாள். ஒரு எதிர்ப்பும் இல்லை. நெய்க்குள் இருந்து கரண்டி வருகிற மாதிரி நழுவி மேலே வந்தது, கையில் முழு நீளமாக, மேலே பச்சை, அடி வெள்ளையாகப் போய், அதற்கும் கீழே பழுப்புக் கூழ். அந்த மணம் இப்போது துணியினுடையது இல்லை என்று தெரிந்தது. கமலாசனி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் கோபம் வந்தது, எல்லாம் தன் மேல். பங்குனியில் ஒரு சனிக்கிழமை, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இந்தக் கயிற்றை அவிழ்த்திருந்தால் முடிந்திருக்கும். பிறகு, அப்போ போகவேண்டியதுதான், கேட்டாய், சொல்லியாச்சு என்று தன்னை இழுத்துப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். மேல் அறையை நினைத்தாள், இரண்டு கட்டிலை நினைத்தாள். நினைக்க நினைக்க, நினைப்பு ஒரு பக்கம் நடக்க, அவளுடைய கால்கள் கொட்டிலுக்குள் போய்விட்டன. மண்வெட்டிக்குப் பின்னால், பழைய சாக்குக்குள், காயம் கழுவுகிற நுரைமருந்துப் போத்தல் இருந்தது. குருத்து அழுகினால் அந்தக் குழிக்குள் இதை ஊற்றி, நுரைத்து வடியவிட்டு, மழை படாமல் காய வைத்தால் கோடை முடியுமுன் அடியில் இருந்து வேறு குருத்து வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது என்று பங்குனி நடுவில் மருந்துக்கடையில் நின்று வாங்கினது அவளேதான். வாங்கும்போது ஏன் வாங்குகிறேன் என்று ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. செத்தால் போகிறேன் என்று சொன்னவள், செத்துக்கொண்டிருக்கிறதுக்கு மருந்து வாங்கி, யாரும் காணாமல் சாக்குக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டில் இருட்டுக்குள் நின்று அவள் சத்தமாகச் சிரித்தாள். அவளுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் விசயம். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் இல்லை, பயம் இல்லாமலும் இல்லை. வழுக்கி விழுவாள், இவருக்கு ஏதும் வரும், ஒருநாள் தனியே இருப்பாள், எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது.

“வந்திட்டுதோ?” என்று இரத்தினசிங்கம் வெளியில் இருந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற குரலாக அது இல்லை.

“வந்திட்டுது. இஞ்ச வந்து ஓலையைக் கொஞ்சம் விலத்திப் பிடியுங்கோ.”

அவர் வந்து ஓலைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தார். அவள் குழிக்குள் மருந்தை ஊற்றினாள். அது சீறி வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது. இரண்டுபேரும் தலையைக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “மஞ்சளும் கொஞ்சம் போடுவமோ?” என்றார் அவர். விசர்க் கதை கதையாதேங்கோ என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். மனுசன் பகிடிக்குக் கேட்கவில்லை. “நாளைக்கு வரேக்க கொண்டருவம்,” என்றாள். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பைக்குள் கைப்பேசி அடித்தது. வானொலி தானாக நின்றுவிட்டது. அவர் எடுத்துப் பார்த்து, அவளிடம் நீட்டினார், நீட்டின போனைக் கொஞ்ச நேரம் பிடியை விடாமல் வைத்திருந்தார்.

வாழ்த்துச் சொல்லியாச்சு, பெடியன் பாட்டுப் பாடியாச்சு, என்ன சமையல் என்று கேட்டாச்சு. “அம்மா, இண்டைக்குச் சொல்லுறன் எண்டனீங்கள்,” என்றாள் நிரோஜினி.

“ஓம் பிள்ளை. நாங்கள் வரேல்ல. பிள்ளை பிறக்கேக்க நான் வருவன். துடக்குக் கழியுமட்டும் நிண்டு, சரக்கரைச்சுக் கறி வைச்சுத் தந்து, உன்னை எழுப்பி விட்டிட்டு வருவன். வீட்டை விட்டிட்டு வரேல்ல.”

“ஏனம்மா?” என்றாள் மகள், சின்னப் பிள்ளைக் குரலில்.

“இஞ்ச பனைக்குச் சுகமில்லை. குருத்து அழுகிப் போச்சு. இப்பதான் மருந்து விட்டது, ஆவணி மட்டும் மழை படாமல் பாக்கோணும். நான் அங்க நிக்கேக்க அப்பா பாப்பார்.”

“ஒரு மரத்துக்காகவோ?” அவள் அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. “அது செத்துப்போச்செண்டால் என்னம்மா செய்வியள்?”

இரத்தினசிங்கம் இன்னும் ஓலையைப் பிடித்தபடிதான் நின்றார், இனிப் பிடிக்கத் தேவையில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கமலாசனி அவரையும் பார்த்து, நுரை அடங்கிக்கொண்டிருந்த குழியையும் பார்த்தாள்.

“செத்தால் வேற ஒண்டு வைப்பன்,” என்றாள்.